களிம்பைக் காக்கும் வேதிப்பொருள்

நம் வீடுகளில் முகத்துக்கும் மேனிக்கும் பூசிவந்த பொருள்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். மஞ்சள் உலர்ந்த கிழங்காக இருந்தது. வேண்டியபோது கல்லில் உரைத்தார்கள். சந்தனம் கட்டையாக இருந்தது. பயற்றமாவும் கடலைமாவும் டப்பாவில் பொடியாக இருந்தன. எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. நீர் சேர்ப்பதெல்லாம் பூசிக்கொள்ளும் நேரத்தில்தான். இழைத்த சந்தனத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பவர் எவருமில்லை. இந்தப் பழக்கத்தில் ஒரு நுண்ணுயிரியல் உண்மை பொதிந்திருக்கிறது. நீரில்லாத இடத்தில் பாக்டீரியாவோ பூஞ்சைக் காளானோ பெருக முடியாது.

கடையில் விற்கும் களிம்பின் நிலை வேறு. எண்ணெயும் நீரும் தாமாக ஒன்று கலப்பதில்லை. மூன்றாவது பொருள் ஒன்றின் துணையால் ஒன்றை மற்றதனுள் நுண்ணிய துளிகளாக நிறுத்திவைத்த பால்மமே களிம்பு. பல களிம்புகளில் பாதிக்கு மேல் நீர்தான். அதனுடன் எண்ணெய், மெழுகு, கிளிசரின், சிலவற்றில் புரதம் என்று நுண்ணுயிர்களுக்கு உகந்த உணவெல்லாம் கலந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் வந்து சேர மாதங்கள் ஆகின்றன. வந்த பிறகு நாள்தோறும் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுக்கிறோம். கெடுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

ரோமாபுரியில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் தேன்மெழுகையும் எண்ணெயையும் நீரையும் சேர்த்துக் குழைத்த பூச்சுதான் 'கோல்டு கிரீம்' என்பதன் மூதாதை என்பார்கள். தோலில் பட்டதும் நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தந்ததால் அப்பெயர் பெற்றது. அவ்வப்போது சிறிதளவே செய்து உடனே பயன்படுத்தியதால் கெடுதல் பெரிய சிக்கலாக எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் நாட்டில் 'ஸ்நோ' என்று வழங்கிய, பூசியவுடன் மறைந்துவிடும் வெண்களிம்பு பெருமளவில் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது. இதில் நீரின் பங்கு மிக அதிகம். பதனப் பொருள் இன்றி, அதாவது கெடாமல் காக்கும் வேதிப்பொருள் ஒன்று இன்றி, இந்தத் தொழில் நிலைத்திருக்க முடியாது.

சாம்பிராணியில் தொடங்கிய தேடல்

அந்தத் தேடல் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளிலிருந்து தொடங்குகிறது. சாம்பிராணிப் பிசினைச் சூடாக்கினால் எழும் புகை குளிர்ந்து, வெண்ணிறப் படிகமாகப் படியும். இதனைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் எழுதிவைத்திருக்கிறார்கள். பென்சாயிக் அமிலம் எனப்படும் இப்பொருள் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது 1870-களில் ஜெர்மனியில் தெரியவந்தது. மருந்தாளர்கள் அதற்கு முன்பே கொழுப்புக் களிம்புகளில் சாம்பிராணியைச் சேர்த்துச் சிக்கு வாடை ஏறாமல் காத்து வந்தனர். காரணம் தெரியாமலே சரியானதைச் செய்வது மருத்துவ வரலாற்றில் புதிதன்று.

ஆனால் பென்சாயிக் அமிலத்துக்கு ஒரு குறை உண்டு. அது புளிப்பான பொருளில் மட்டுமே நன்கு வேலை செய்யும். ஊறுகாய்க்கும் பழச்சாற்றுக்கும் பொருந்தும். அமிலத்தன்மை குறைந்த களிம்பில் அதன் மூலக்கூறு மின்னேற்றம் பெற்றுப் பிரிந்துவிடுகிறது. மின்னேற்றம் பெற்ற துகள் நுண்ணுயிரின் கொழுப்புச் சவ்வைக் கடந்து உள்ளே செல்வது அரிது.

1920-களில் பெர்லினில் பணியாற்றிய மருந்தியல் வேதியியலார் தியோடோர் சபாலிச்கா இதற்கு வழி கண்டார். பென்சாயிக் அமிலத்தின் நெருங்கிய உறவான பாரா ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலத்தை எடுத்து, அதன் அமில முனையை ஓர் ஆல்கஹாலுடன் இணைத்து எஸ்டராக மாற்றினார். அமில முனை மூடப்பட்டதால், களிம்புகளில் வழக்கமாகக் காணும் நிலைகளில் இம்மூலக்கூறு பிரிவதில்லை. நிறமில்லை, மணமில்லை என்றே சொல்லலாம், விலையும் மலிவு. இவை 'நிப்பாஜின்', 'நிப்பாசால்' என்னும் வணிகப் பெயர்களில் விற்பனைக்கு வந்தன. இன்று நாம் சுருக்கமாகப் பாரபென்கள் என்கிறோம்.

இணைக்கும் ஆல்கஹால் எதுவோ அதைப் பொறுத்து மெதில் பாரபென், எதில் பாரபென், புரொப்பில் பாரபென், பூட்டில் பாரபென் என்று பெயர் மாறும். இவற்றின் கார்பன் தொடர் நீள நீள நுண்ணுயிரைத் தடுக்கும் வலிமை கூடுகிறது. நீரில் கரையும் திறன் குறைகிறது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் மெதில் பாரபென் சுமார் இரண்டரை கிராம் கரையும். புரொப்பில் பாரபென் அரை கிராம் அளவே கரையும். நுண்ணுயிர்கள் வாழ்வது களிம்பின் நீர்ப்பகுதியில். வலிமை மிக்கது எண்ணெய்ப் பகுதியில் போய் ஒதுங்கிக்கொண்டால் பயனில்லை. ஆகவே வலிமை குறைந்த மெதிலையும் வலிமை கூடிய புரொப்பிலையும் சேர்த்துப் போடுவது தொழில் வழக்கமாயிற்று. நூறு கிராம் களிம்புக்கு இரண்டும் சேர்ந்து ஒரு கிராமின் மூன்றிலொரு பங்கைத் தாண்டுவது அரிது. இந்தச் சிறு அளவை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் எழும் சச்சரவு முழுவதும் அளவைப் பற்றியதே.

பதனப் பொருள் தவறியபோது

பதனப் பொருள் வேண்டாம் என்று சொல்வது எளிது. அது இல்லாமலோ, போதாமலோ போனால் நேர்வது என்ன என்பதை மருத்துவ ஏடுகள் பதிந்து வைத்திருக்கின்றன. 1966-இல் நோபிள், சாவின் என்னும் இரு ஆங்கில மருத்துவ அறிஞர்கள், தோல் நோய்க்குக் கொடுத்த ஸ்டீராய்டுக் களிம்பிலேயே சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா குடியிருந்ததை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். மருந்தே தொற்றைச் சுமந்து வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் குருதியில் கிளெப்சியெல்லா என்னும் கிருமி பரவியதற்கு, பணியாளர்கள் கைக்குப் பூசிக்கொள்ளும் களிம்பின் கொள்கலமே ஊற்றுக்கண் என்று கண்டறிந்தனர். கை கழுவிய பின் தோல் வறளாமல் இருக்கப் பூசிக்கொண்டதே கழுவியதன் பயனைக் கெடுத்துவிட்டது.

அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கண் மருத்துவர் லூயி வில்சன் 1970-களில் இமை மைகளை ஆராய்ந்தார். புதிய புட்டியில் கிருமி அரிது. பயன்படுத்தத் தொடங்கியபின் தூரிகை வழியாக உள்ளே போகிறது. பதனப் பொருள் வலுவாக இல்லையெனில் அங்கே பெருகுகிறது. ஒருநாள் தூரிகை தவறிக் கருவிழியில் கீறல் உண்டானால் பெருகிய கிருமி நேரே புண்ணில் இறங்குகிறது. சூடோமோனாஸ் கருவிழிக்குள் புகுந்தால் பார்வையே பறிபோகலாம். இவ்வாறு கருவிழிப் புண் கண்டவர்களைப் பற்றி அவரும் நுண்ணுயிரியலார் டொனால்டு அஹெர்னும் 1977-இல் எழுதினர்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. பார்சிலோனா மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நோயாளிகளுக்குத் தொற்று உண்டாக்கிய கிருமி, அவர்கள் உடலில் தடவிய ஈரப்பசைப் பாலிலிருந்து வந்தது என்று 2008-இல் அறிக்கை வெளியாயிற்று.

ஃபிஷரின் புதிர்

பாரபென்களைப் பற்றி முதலில் எழுந்த ஐயம் ஒவ்வாமை பற்றியது. காலில் ஆறாப் புண் உள்ளவர்களுக்குப் பாரபென் கலந்த மருந்துக் களிம்பைப் பல மாதங்கள் தடவியபோது, சிலருக்குப் புண்ணைச் சுற்றிக் கரப்பான் கண்டது. நியூயார்க் தோல் மருத்துவர் அலெக்சாண்டர் ஃபிஷர் இத்தகையோரைக் கூர்ந்து கவனித்து 1973-இல் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். பாரபென் ஒவ்வாமை உள்ள அதே நபர், அதே பாரபென் கலந்த முகக் களிம்பை நல்ல தோலில் பூசினால் ஒன்றும் நேர்வதில்லை! சிதைந்த தோல் சினம்கொள்கிறது. நல்ல தோல் பொறுத்துக்கொள்கிறது. இதனை அவர் 'பாரபென் புதிர்' என்றார்.

அமெரிக்காவில் அழகுப் பொருள்களின் உட்பொருள்களை மதிப்பிடும் வல்லுநர் குழு 1984-இல் பாரபென்கள் வழக்கில் உள்ள அளவில் தீங்கற்றவை என முடிவு செய்தது. இக்குழுவின் செலவை ஏற்பது அழகுப் பொருள் தொழிலினரின் சங்கமே என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். எனினும் அன்று ஏட்டில் இருந்த சான்றுகளை வைத்து வேறு முடிவுக்கு வர இடமிருந்ததாகத் தோன்றவில்லை. அன்று எவரும் கேட்டிராத கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அது பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்தது.

ஹார்மோனின் சாயல்

இங்கிலாந்தின் புரூனல் பல்கலைக்கழகத்தில் ஜான் சம்ப்டர் குழுவினர், ஆற்று மீன்களில் ஆண் மீன்கள் பெண் தன்மை அடைவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள். அதற்கெனப் புதுமையான ஒரு சோதனை முறையைக் கையாண்டனர். ஈஸ்ட் செல்லினுள், பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் மனித ஏற்பியின் மரபணுவைப் புகுத்தினர். ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் எது பட்டாலும் அந்த ஈஸ்ட் நிறமாற்றத்தால் காட்டிக்கொடுக்கும். 1998-இல் எட்வின் ரூட்லெட்ஜும் சம்ப்டரும் அவர்தம் துணைவர்களும் பாரபென்களை இச்சோதனையில் இட்டனர். ஈஸ்ட் நிறம் மாறியது.

மாறியது உண்மை. ஆனால் எவ்வளவு பாரபென் வேண்டியிருந்தது? அவற்றுள் வலிமை மிக்க பூட்டில் பாரபென்கூட, உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரடையாலைவிடச் சுமார் 10,000 மடங்கு வலுக்குறைந்தது. மெதில் பாரபென் அதனினும் பன்மடங்கு குறைந்தது. எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது விளைவில்லை. தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தியபோது பூட்டில் பாரபென் கருப்பையைச் சிறிது வளரச் செய்தது. இந்த இரண்டாவது செய்தி முக்கியமானது. வாய்வழி செல்வது குடலையும் கல்லீரலையும் கடக்கவேண்டும்; அங்கே நொதிகள் எஸ்டரை உடைத்து வெறும் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. தோல்வழி செல்வதற்கு அந்தக் காவல் முழுமையாக இல்லை. தோலிலும் இத்தகைய நொதிகள் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் அவை பிடித்துவிடுவதில்லை. களிம்பின் பாதுகாப்பை உணவின் பாதுகாப்பைக் கொண்டு அளந்தது போதாது என்பதே ரூட்லெட்ஜ் குழுவினர் எழுப்பிய நியாயமான ஐயம்.

பெரும் புயல் 2004-இல் வந்தது. ரீடிங் பல்கலைக்கழகத்தின் பிலிப்பா டார்பரும் துணைவர்களும் 20 மார்பகப் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் பாரபென்கள் இருப்பதை வெளியிட்டனர். ஒரு கிராம் திசுவில் சராசரி 20.6 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அக்குளில் பூசும் வாசனைப் பொருள்களால் மார்பகப் புற்று வருகிறது என்ற வதந்தி முன்பே உலவிக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு ஆய்வகத்தின் முத்திரை கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணினர்.

ஆய்வுக் கட்டுரை சொன்னது அவ்வளவில்லை. பக்கத்திலுள்ள நோயற்ற திசு ஒப்பிடப்படவில்லை. அப்பெண்கள் எதைப் பூசினார்கள், எதை உண்டார்கள் என்ற விவரமில்லை. திசு எதுவும் இடாத வெற்றுச் சோதனைக் குழாய்களிலும் சிறிதளவு பாரபென் காணப்பட்டது. அதைக் கழித்தே கணக்கிட வேண்டியிருந்தது. பாரபென் புற்றை உண்டாக்கியது என்று தாங்கள் எங்கும் கூறவில்லை என டார்பர் குழுவினரே பின்னர் எழுதினர். இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்குழுவைச் சேர்ந்தவர்களே 2012-இல் 40 பெண்களின் மார்பகத் திசுவிலிருந்து, ஆளுக்கு நான்கு இடமாக 160 மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர். 158 மாதிரிகளில் ஏதேனும் ஒரு பாரபென் இருந்தது. அப்பெண்களில் 7 பேர் வாழ்நாளில் ஒருமுறைகூட அக்குளில் எதுவும் பூசியதில்லை என்றனர், அவர்களிடமும் இருந்தது. ஆகவே அக்குள் பூச்சின் மீதிருந்த குற்றச்சாட்டு தளர்ந்தது. ஆனால் பாரபென் உடலுக்குள் செல்கிறது, எல்லோருள்ளும் செல்கிறது என்பது உறுதிப்பட்டது. என் கணிப்பில் டார்பரின் உழைப்பால் கிடைத்த உண்மையான பயன் இதுவே. செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று.

உள்ளே சென்றது என்ன செய்கிறது? கோபன்ஹேகனில் 2000-களில் நடந்த ஒரு சோதனையில் 26 இளைஞர்கள் இரண்டு வாரம் நாள்தோறும் உடல் முழுவதும் களிம்பு பூசிக்கொண்டனர். முதல் வாரம் வெறும் களிம்பு. அடுத்த வாரம் பூட்டில் பாரபெனும் இரு தாலேட்டுகளும் ஒவ்வொன்றும் 2 விழுக்காடு சேர்த்த களிம்பு. வழக்கத்தில் உள்ளதைவிட இது பன்மடங்கு அதிகம். பூசிய சில மணி நேரத்தில் பூட்டில் பாரபென் குருதியில் தென்பட்டது. ஹார்மோன் அளவுகளிலோ, இவற்றால் நேர்ந்தது என்று சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2007-இல் அறிவித்தனர். ஒரு வாரச் சோதனை வாழ்நாள் பழக்கத்துக்கு விடையாகாது, உண்மைதான். ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஓயிஷி இளம் ஆண் எலிகளின் உணவில் பாரபென்களைக் கலந்து கொடுத்தபோது விந்தணு குறைந்ததாக 2001-லும் 2002-லும் எழுதினார். வேறு குழுவினர் மெதிலையும் பூட்டிலையும் கொண்டு அதனைத் திரும்பச் செய்து, அத்தகைய விளைவைக் காணவில்லை என்று 2008-இல் வெளியிட்டனர். கணக்கு இப்படி முடியாமலே இருந்தது.

வெற்றிடத்தில் புகுந்தது

அறிவியலார் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில் சந்தை காத்திருக்கவில்லை. 'பாரபென் இல்லை' என்ற வாசகம் புட்டிகளின் முகப்பில் ஏறியது. பாரபெனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டே ஆகவேண்டும். களிம்பில் நீர் இருக்கிறதே! எதைப் போட்டார்கள் என்பதை முகப்பில் எழுதுவாரில்லை. பின்புறத்தில் சிறு எழுத்தில்தான் தேட வேண்டும்.

அங்கே பலமுறை தென்பட்ட பெயர் மெதில் ஐசோதயசோலினோன். இதற்கு ஒரு முன்கதை உண்டு. பிலடெல்பியாவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 'கேத்தான்' என்னும் பெயரில் ஒரு பதனக் கலவையை விற்றது. அதில் குளோரின் ஏற்றிய ஐசோதயசோலினோன் மூன்று பங்கு, ஏற்றாதது ஒரு பங்கு. 1980-களில் ஐரோப்பாவில் ஷாம்புகளிலும் களிம்புகளிலும் இது பரவியதும் ஒவ்வாமைக் கரப்பானும் உடன் பரவியது. பின்னர் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் கூடாதென்று வரம்பு கட்டினர்.

குற்றவாளி பெரும்பாலும் குளோரின் ஏற்றிய உடன்பிறப்பே. மற்றது சாது என்ற எண்ணம் நிலவியது. ஐரோப்பிய அறிவியற் குழு, மெதில் ஐசோதயசோலினோனைத் தனியாகப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை சேர்க்கலாம் என்று கருத்துரைத்தது. 2005-இல் அது சட்டமாயிற்று. கருத்துரை வந்த ஆண்டு 2004. ரீடிங் ஆய்வு வெளிவந்த அதே ஆண்டு! ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு கதவு சாத்தப்பட்டபோது மற்றது திறந்திருந்தது.

இங்கே எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பழைய கலவையில் 15 பங்கில் நாலில் ஒன்று, அதாவது 3.75 பங்குதான் இப்பொருள். புதிய அனுமதியோ 100. ஏறத்தாழ 27 மடங்கு. சாதுவானது என்பதனால் கூட்டினார்களா? இல்லை. கிருமியைக் கொல்வதில் வலுக்குறைந்தது என்பதனால் கூட்டவேண்டியிருந்தது. 2004-இலேயே சுவீடனின் மால்மோ நகர மருத்துவர்கள், சுவரொட்டும் பசையில் கலந்திருந்த இப்பொருளால் தொழிலாளிக்கு ஒவ்வாமை நேர்ந்ததை எழுதியிருந்தனர்.

பாரபெனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வேதியியலில் இருக்கிறது. பாரபென் நுண்ணுயிரின் சவ்வைக் குலைக்கிறது. புரதங்களோடு நிலையான பிணைப்பு கொள்வதில்லை. ஐசோதயசோலினோனின் வளையத்தில் உள்ள கந்தக-நைட்ரஜன் பிணைப்பு எளிதில் திறந்து, புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. நுண்ணுயிரின் நொதியைப் பற்றினால் நுண்ணுயிர் சாகிறது. நம் தோலின் புரதத்தைப் பற்றினால், உருமாறிய அப்புரதத்தை உடலின் காவற்படை அயலான் என்று குறித்துக்கொள்கிறது. ஒருமுறை குறித்துக்கொண்டால் அந்நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். மறுபடி சிறிதளவு பட்டாலும் கரப்பான் எழும்.

ஷாம்புவைக் கழுவிவிடுகிறோம். ஆனால் குழந்தைகளின் பிட்டத்தையும் வாயையும் துடைக்கும் ஈரத் துடைப்புத் தாளின் ஈரம் தோலிலேயே தங்குகிறது. அரையாடைக்குள் அடைபட்டும் கிடக்கிறது. 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினர். முகத்திலும் பிட்டத்திலும் ஆறாத செம்படை. கரப்பான் என்றும் கிருமித் தொற்று என்றும் எண்ணி மருந்து மேல் மருந்து கொடுத்திருந்தார்கள். துடைப்புத் தாளை நிறுத்தியதும் ஆறிற்று. அத்தாளில் இருந்தது மெதில் ஐசோதயசோலினோன். பிள்ளையின் எரிச்சலைத் தணிக்கத் தாய் மீண்டும் மீண்டும் அதே தாளால் துடைத்திருப்பாள் என்பதை எண்ணினால் மனம் வருந்துகிறது.

அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் 'ஒவ்வாமைப் பொருள்' என்று இதற்குப் பட்டம் சூட்டியது. 2015-இல் ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 11 மருத்துவ மையங்கள், தோல் ஒவ்வாமை ஐயத்துடன் வந்த 3,434 பேருக்கு ஒட்டுச் சோதனை செய்தன. முதுகில் சிறிதளவு பொருளை ஒட்டி, சில நாள் கழித்துத் தோல் சிவக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. 205 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஆறு பேருக்கு, இப்பொருளுக்கு ஒவ்வாமை இருந்தது. பூசி விட்டுவிடும் பொருள்களில் இதனை 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. கழுவிவிடும் பொருள்களில் 2018 முதல் 100-ஐ 15 ஆகக் குறைத்தது.

அச்சப்பட்டு விலக்கிய பாரபென் இத்தகைய சோதனைகளில் எப்படித் தேறியது? நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே ஒவ்வாமை கண்டது. 2019-இல் அதே அமெரிக்கச் சங்கம் பாரபென்களுக்கு ஒரு விந்தையான பட்டம் அளித்தது: அவ்வாண்டின் 'ஒவ்வாமை தராத பொருள்'. ஆண்டுதோறும் குற்றவாளியை அறிவிக்கும் மேடையில் நிரபராதியை ஏற்றி நிறுத்தினார்கள்.

இதனால் எல்லாப் பாரபென்களும் குற்றமற்றவை என்று ஆகிவிடாது. 2011-இல் டென்மார்க், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருள்களில் புரொப்பிலையும் பூட்டிலையும் தடுத்தது. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஐசோபுரொப்பில், ஐசோபூட்டில், ஃபீனைல், பென்சைல், பென்டைல் என்னும் ஐந்து பாரபென்களை விலக்கியது. தீங்கு மெய்ப்பிக்கப்பட்டதால் அன்று. தீங்கில்லை என்று காட்டும் தரவுகளைத் தொழிலினர் போதிய அளவில் கொடுக்காததால். இதுதான் சரியான முறை என்று எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு புரொப்பில், பூட்டில் இரண்டுக்கும் சேர்த்து 0.14 விழுக்காடு என்று வரம்பு குறைக்கப்பட்டது. சிறு குழந்தைகளின் அரையாடைப் பகுதியில் பூசி விடும் பொருள்களில் அவை கூடாதென்றும் விதித்தனர். அங்கே தோல் அடிக்கடி புண்படுகிறது. உடலின் நொதிகளும் இன்னும் முதிரவில்லை. 2020-இல் பூட்டில் பாரபெனை ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும் தன்மையால் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலிலும் சேர்த்தனர். மெதிலும் எதிலும் பழைய வரம்பிலேயே, அதாவது தனியாக 0.4 விழுக்காடு வரை, தொடர்கின்றன. 2019 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலில், 'பாரபென் இல்லை' என்று முகப்பில் விளம்பரம் செய்வதே ஏற்கத்தக்கதன்று எனக் கூறப்பட்டது. சட்டம் பாதுகாப்பானவை என்று ஏற்ற பொருளை அது வீணாகப் பழிக்கிறது என்பது காரணம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. தீர்ந்துபோகும் நிலையிலுள்ள களிம்பிலோ இமை மையிலோ நீர் விட்டுக் கலக்கக் கூடாது; பதனப் பொருள் நீர்த்துப்போகும், கிருமி பெருகும். ஒருவர் கண்ணுக்கு இட்ட மைத் தூரிகையை மற்றவர் எடுக்கக் கூடாது. வெடித்த தோலிலும் ஆறாப் புண்ணிலும் அழகுக் களிம்பைத் தடவாதிருப்பது நல்லது. ஃபிஷர் கண்ட புதிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளைப் பூசிய இடத்தில் நாட்கணக்கில் அரிப்பும் சிவப்பும் நின்றால், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். பின்புறத்துச் சிறு எழுத்தில் அவர் முதலில் தேடுபவற்றுள் 'ஐசோதயசோலினோன்' என்று முடியும் பெயர்களும் இருக்கும்.